ஸ்டிக்கரைப் பார்த்துப் பால் போத்தல் வாங்காதீங்க



கொஞ்சம் நீண்ட பதிவு. கைக்குழந்தை உள்ள வீட்டவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாற்பதுக்குப் போனேன். பிள்ளைக்கு வந்த அன்பளிப்பில் பால் போத்தல் செட் மட்டும் ஏழு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கரடிப் படம், தங்க நிறத்தில் "பிபிஏ ஃப்ரீ" என்று ஒரு ஸ்டிக்கர். என்ன பிளாஸ்டிக், யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, ஒரு எழுத்தும் இல்லை. மாத்தளை டவுனில் வாங்கியதாம். மறுநாள் அதே மாதிரிப் போத்தல் விற்கும் கடையில் விசாரித்தேன். "எல்லாம் பிபிஏ ஃப்ரீதான் டீச்சர்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "ஸ்டிக்கர் இருக்குதானே!"

இதுதான் நம்முடைய பாதுகாப்பு. ஸ்டிக்கர் அச்சடிக்க ஒரு பிரிண்டர் போதும்.

பிபிஏ என்றால் பிஸ்பினோல் ஏ. கண்ணாடி மாதிரித் தெளிவாகவும் கடினமாகவும் இருக்கும் பொலிகாபனேட் பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படுவது. சூடு பட்டால், பழசாகிக் கீறல் விழுந்தால், பாலில் கலக்கும். உடம்பின் ஹோர்மோன்களைக் குழப்பக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே பால் போத்தல்களில் இதைத் தடை செய்தது. அமெரிக்கா 2012இல் அனுமதியை நீக்கியது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, ஒருவர் உடம்பில் நாளாந்தம் சேரலாம் என்ற அளவை முன்னையதைவிட 20,000 மடங்கு குறைத்தது.

"நாங்களும் பிளாஸ்டிக் போத்தல்ல குடிச்சுத்தானே வளர்ந்தோம்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். வளர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். பெல்ட் போடாமல் வேனில் போய் உயிரோடு வந்தவரும் இருக்கிறார். அதற்காக பெல்ட் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, உண்மையாகவே பிபிஏ இல்லாத போத்தல் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. சிலர் பிபிஏயை எடுத்துவிட்டு அதன் தம்பி பிபிஎஸ்ஸைப் போடுகிறார்கள். ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இன்று அதிகம் விற்பது பொலிபுரொப்பிலீன் போத்தல், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். அதில் பிபிஏ இல்லை. ஆனால் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் போத்தலில் ஒரு லீட்டருக்கு 1 கோடி 60 இலட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் வந்தன. தண்ணீர் சூடாகச் சூடாகக் கூடின. அவை என்ன தீங்கு செய்யும் என்று விஞ்ஞானம் இன்னும் முடிவு சொல்லவில்லை. முடிவு வரும்வரை நம் பிள்ளைகளில் பரிசோதிக்க வேண்டுமா?

ஆகவே செய்யக்கூடியது இதுதான். முடிந்தால் கண்ணாடி அல்லது ஸ்டெயின்லஸ் ஸ்டீல் போத்தல் வாங்குங்கள். பால்மாவில் கிருமி இருக்கலாம் என்பதால் 70 பாகைக்குக் குறையாத சுடுதண்ணியில்தான் கரைக்க வேண்டும். ஆனால் அதைப் பிளாஸ்டிக்கில் ஊற்றிக் குலுக்காதீர்கள். கண்ணாடி அல்லது ஸ்டீல் பாத்திரத்தில் கரைத்து, ஆறவைத்து, பிறகு ஊற்றுங்கள். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். கீறல் விழுந்த, மங்கிப்போன போத்தலை வீசுங்கள். மூத்த பிள்ளையின் போத்தலை இளையவருக்கு எடுத்து வைக்காதீர்கள். சின்னக் கோப்பையால்கூட கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், கழுவுவதும் சுலபம். எப்படி என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், காட்டித் தருவார்.

தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்று எல்லாரும் பயான் செய்கிறோம். சூரா பகராவின் 233ஆம் வசனம் இரண்டு வருடம் என்கிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இந்த நாட்டில் சம்பளத்தோடு தாய்க்குக் கிடைக்கும் லீவு 84 நாள். வார விடுமுறை, போயா எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டாலும் 6 மாதம் நிறையாது. கார்மெண்டுக்குப் போகும் உம்மா என்ன செய்வாள்? அவளைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. அவள் கையில் பாதுகாப்பான போத்தலைக் கொடுப்பதுதான் நம் கடமை.

போத்தலையும் சூப்பியையும் விளம்பரம் செய்யக்கூடாது என்ற சட்டக்கோவையை 1983இலேயே ஏற்ற நாடு இது. அந்த நாட்டில், பிளாஸ்டிக் வகையும் இறக்குமதியாளர் பெயரும் இல்லாத போத்தல் தட்டில் அடுக்கி விற்கப்படுகிறது. விபரமில்லாப் பொருளைக் கண்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977இல் அழையுங்கள். ஒருவர் சொன்னால் கேட்கமாட்டார்கள், ஊரே சொன்னால் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த நாற்பதுக்குப் போகும்போது போத்தல் செட்டை விடுங்கள். அந்தக் காசில் தாய்க்கு நல்ல சாப்பாட்டுச் சாமான் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்கும் அதுதான் போய்ச் சேரும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. சரி என்று பட்டால் பகிருங்கள்.