கால் விரல அசைம்மா

வானொலியில் வேலை செய்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பி "எதற்குப் பயம்?" என்று கேளுங்கள். டெட் ஏர் என்பார்கள். பாட்டு முடிந்துவிட்டது, விளம்பரம் ஏறவில்லை, மைக் திறக்கவில்லை. அந்த மூன்று நான்கு விநாடி அமைதிக்கே எங்களுக்கு வியர்த்துவிடும். இதைச் சொன்னபோது என் பள்ளித் தோழன் சிரித்தான். "ஆபரேஷன் தியேட்டர்ல வர்ற அமைதிய நீ கேட்டதில்ல மச்சான்."

அவன் எலும்பியல் நிபுணர். இப்போது முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சியில் இருக்கிறான். இருவருக்கும் வயது 36. நான் வேலைக்குச் சேர்ந்து 13 வருடம் ஆகிறது. அவனோ இன்னும் பயிற்சியில். "ஏன் தம்பி, இவன் எப்பதான் படிச்சு முடிப்பான்?" என்று அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், ஏதோ நான்தான் பிடித்து வைத்திருப்பதுபோல.

ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மருத்துவப் படிப்பு 5 வருடம். ஹவுஸ்மன்ஷிப் 2 வருடம். ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம். பிறகு சில வருடம் மருத்துவ அதிகாரி. அதற்குப் பின், இடம் கிடைத்தால், மலாயா பல்கலைக்கழகம், யுகேஎம், யுஎஸ்எம் போன்ற இடங்களில் எலும்பியல் மாஸ்டர்ஸ் 4 வருடம். உடைந்த கை, தேய்ந்த மூட்டு எல்லாம் அப்போதே பார்க்கலாம். முதுகெலும்புதான் வேண்டும் என்றால் மேலும் சில வருடம். இதிலும் அவன் கொடுத்து வைத்தவன். 2016 இறுதியில் ஒப்பந்த முறை வருவதற்கு முன்பே ஹவுஸ்மன்ஷிப்பை முடித்துவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் 2021 ஜூலை 26ஆம் தேதி கறுப்பு உடையில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

எதற்கு இவ்வளவு வருடம்? பெடிக்கல் என்றான். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரு பக்கமும் ஒரு குறுகிய எலும்புப் பாலம் இருக்கிறது. ஸ்க்ரூ அதன் வழியாகத்தான் போக வேண்டும். நடு முதுகில் சிலருக்கு அதன் அகலம் 4, 5 மில்லிமீட்டர்தான். உள்பக்கம் விலகினால் தண்டுவடம், முன்பக்கம் தாண்டினால் பெரிய ரத்தக் குழாய். எக்ஸ்ரே வழி காட்டும் என்றாலும் கைக்கும் தெரிய வேண்டும். எலும்புக்குள் கருவி போகும்போது ஒரு கரகரப்பு இருக்குமாம். அது சட்டென்று மென்மையானால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து நின்று இதைப் பழகுகிறான். அவனுக்கே முதுகு வலி!

இன்னொன்றும் சொன்னான். கிளினிக்கில் அவன் அதிகம் சொல்லும் வார்த்தை "ஆபரேஷன் வேண்டாம்" என்பதுதான். டிஸ்க் பிதுங்கிக் கால் வரை இழுக்கும் வலி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மருந்திலும் பயிற்சியிலும் தணிந்துவிடும். ஆனால் முதுகு வலியோடு சிறுநீர் போகாமல் நின்றாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்க்க அது நேரமில்லை.

அந்த அமைதியைக் கேட்டேன். பதினான்கு வயதுப் பெண் பிள்ளை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ். கம்பி வைத்து நிமிர்த்தும்போது தண்டுவடமும் சேர்ந்து இழுபடும். அதனால் நரம்புகள் வழியாக மின் சமிக்ஞை அனுப்பித் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அன்று கால்களுக்கான சமிக்ஞை விழுந்துவிட்டது. இயந்திரக் கோளாறா, உண்மையா? அதைத் தீர்க்க ஒரு பழைய வழி உண்டு. ஸ்டாக்னாரா என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்டது: அறுவையின் நடுவிலேயே மயக்கத்தைக் குறைத்து, காலை அசைக்கச் சொல்வது.

அறையில் தமிழ் பேசத் தெரிந்தவன் அவன் மட்டும்தான். முந்தின நாள் மாலையே வார்டில் அவளோடு ஒத்திகை பார்த்திருந்தான். அன்று அவனுக்கு ஸ்க்ரூ போடும் வேலை இல்லை. குரல் கொடுக்கிற வேலை.

"கைய இறுக்கிப் பிடிம்மா." பிடித்தாள். காது கேட்கிறது.

"இப்ப கால் விரல அசைம்மா."

ஒன்றும் இல்லை. மறுபடி சொன்னான். ஒன்றும் இல்லை. பத்து பேர் நிற்கிற அறையில் இயந்திரங்களின் சத்தம் மட்டும்.

மூத்த நிபுணர் ஒரு வார்த்தை பேசாமல், நிமிர்த்தியதைத் தளர்த்தினார். ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள். காத்திருந்தார்கள். திரையில் கோடுகள் மெல்லத் திரும்பின. மீண்டும் கூப்பிட்டான். இடது பெருவிரல் அசைந்தது. பிறகு வலது. அதற்கு மேல் நிமிர்த்த வேண்டாம் என்று, கிடைத்த அளவிலேயே கம்பியை இறுக்கி முடித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் நினைவில்லை. நன்றாக நடக்கிறாள். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது எக்ஸ்ரேவைப் பார்த்த அவள் அம்மா கேட்டாராம், "இன்னும் கொஞ்சம் வளைஞ்ச மாதிரிதானே இருக்கு டாக்டர்? சரியா நிமித்தலயா?"

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"நடந்தத முழுசா சொன்னேன்டா. அரை மணி நேரம் ஆச்சு. வெளிய கியூ நின்னுச்சு."