பூவைத் துளைக்கும் தேனீ செடியைக் கெடுக்கிறதா?

பூவின் வாய் வழியே நுழையாமல், அதன் அடிக்குழலைக் கடித்துத் துளைத்துத் தேனை உறிஞ்சும் தேனீக்கள் மீது நெடுங்காலமாக ஒரே குற்றச்சாட்டுதான். மகரந்தத்தையும் சூல்முடியையும் தொடாமல் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு போகின்றன, தேன் தீர்ந்த பூவை மற்றத் தேனீக்கள் ஒதுக்கும், விதை குறையும். 1841இலேயே டார்வின் லண்டனின் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழுக்கு இந்தத் தேனீக்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1876இல் வெளிவந்த நூலில், இப்படித் துளைக்கப்படும் செடிகள் எல்லாமே ஓரளவேனும் பாதிக்கப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்றார். டார்வின் சொன்னது என்பதாலேயே பலரும் இதைச் சோதிக்காமல் திருப்பிச் சொல்லிவருகிறார்கள். பொதுவிதி என்ற அளவில் இது தவறு.

துளையிடும் தேனீ மகரந்தத்தைத் தொடுவதில்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பல பூக்களில் இது உண்மைதான். ஆனால் ஸ்பெயினின் வடமேற்கில் ஆந்தில்லிஸ் வல்னெராரியா என்னும் பயறுவகைச் செடியைக் கவனித்தபோது (ஆய்வு 2000இல் வெளியானது), துளைக்கப்பட்ட பூக்கள்தான் துளைபடாத பூக்களைவிடக் கூடுதலாகக் காய்த்திருந்தன. அந்தச் செடியில் பூக்கள் நெருக்கமான கொத்தாக இருக்கின்றன. பம்பிள்பீ என்னும் தேனீ பக்கவாட்டில் துளையிடும்போது கொத்தின் மேல் கால் பரப்பி நகர்கிறது. அதன் உடல் மகரந்தப்பையிலும் சூல்முடியிலும் உரசுகிறது. வாயை எங்கே வைக்கிறது என்பதை மட்டும் பார்த்தவர்கள் வயிற்றையும் கால்களையும் பார்க்கவில்லை. மகரந்தச் சேர்க்கை நடப்பது உடலால்.

அடுத்தது, தேன் தீர்ந்த பூவை மற்றத் தேனீக்கள் ஒதுக்கும், அதனால் விதை குறையும் என்பது. கேட்பதற்கு மறுக்க முடியாததாக இருக்கும் வாதம் இது. இங்கிலாந்தில் லினேரியா வல்காரிஸ் என்னும் மஞ்சள்பூச் செடியில் இதைச் சோதித்தார்கள். அதன் தேன், பூவின் பின்னால் நீளும் வால் போன்ற குழலில் இருக்கிறது. குட்டைநாக்குப் பம்பிள்பீக்கள் அந்த வாலைத்தான் கடிக்கின்றன. மலர்ந்திருந்த பூக்களில் 96 சதவீதத்தில் துளை. அதிலும் இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு செடியிலிருந்து தேனீ கொண்டுவந்தே ஆகவேண்டும். குற்றச்சாட்டு சரியென்றால் அங்கே விதையே அரிதாகியிருக்க வேண்டும். ஆனால் துளைபட்ட பூக்களின் விதை எண்ணிக்கையில் பொருட்படுத்தத்தக்க குறைவு இல்லை.

இதில் வியப்பில்லை என்றே நினைக்கிறேன். தேன் இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்த்தபின்தான் தேனீக்குத் தெரியும். போன அந்த நொடியிலேயே அதன் முதுகில் மகரந்தம் ஒட்டிவிடுகிறது. ஏமாந்து திரும்பும் தேனீயும் பூவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் திரும்புகிறது. துளைபட்ட பூ தேன் சுரப்பதை உடனே நிறுத்திவிடுவதும் இல்லை. துளை பெரும்பாலும் குழலின் சுவரில்தான் விழுகிறது. சூலகம் பல நேரங்களில் பழுதில்லாமல் இருக்கிறது.

குற்றம் சாட்டுபவர்களின் கையில் உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இப்போமாப்சிஸ் அக்ரிகேட்டா என்ற செடி சிவந்த நீள்குழல் பூக்களைப் பூக்கிறது. அதற்கு மகரந்தம் சுமப்பவை முக்கியமாக ஹம்மிங் பறவைகள். பாம்பஸ் ஆக்சிடென்டாலிஸ் என்னும் பம்பிள்பீ பூக்களைத் துளைத்துத் தேனை எடுத்துவிட்டால், பறவைகள் அந்தச் செடிகளைத் தவிர்க்கின்றன. பெரும்பாலான பூக்கள் துளைக்கப்பட்ட செடிகளில் இனப்பெருக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 1999இல் ரெபெக்கா இர்வினும் அலிசன் பிராடியும் காட்டினார்கள். விதை தருவதில் மட்டுமல்ல, தன் மகரந்தத்தைப் பிற செடிகளுக்குச் சேர்ப்பதிலும் இந்த இழப்பு.

ஆனால் அதே கொலராடோவில், அதே பாம்பஸ் ஆக்சிடென்டாலிஸ், கோரிடாலிஸ் கேசியானா என்ற செடியையும் துளைக்கிறது. 2001இல் வெளியான ஜோன் மலூஃபின் ஆய்வில் அங்கே விதை குறையவில்லை. அந்தச் செடிக்கு மகரந்தம் சுமப்பது நீள்நாக்குள்ள இன்னொரு பம்பிள்பீ. துளைபட்ட பூக்களைச் சந்தித்தபோது அது செடிகளை விட்டு ஓடவில்லை. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்கு இன்னும் தொலைவு பறந்தது. அக்கம்பக்கத்துச் செடிகள் பல நேரங்களில் ஒரே தாயின் பிள்ளைகள். மகரந்தம் எட்டப் போவது செடிக்கு நல்லதாகவே அமையலாம்.

தேனீ ஒன்று, செயல் ஒன்று. விளைவு மட்டும் இரண்டு. ஆகவே கேடு தேனீயின் பல்லில் இல்லை. மகரந்தம் சுமப்பது யார், தேன் குறைந்தால் அது என்ன செய்யும், செடிக்கு ஏற்கெனவே மகரந்தப் பற்றாக்குறை இருக்கிறதா, தன் மகரந்தத்தைத் தானே ஏற்குமா என்பவைதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

துளையிடும் தேனீக்கள் தனிச் சாதி என்ற எண்ணமும் நிற்காது. மெர்டென்சியா என்ற நீலப்பூச் செடியில் ஒரே பம்பிள்பீக்கள் இளம் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டு, முதிர்ந்த பூக்களைத் துளைக்கின்றன. இது ஓரளவு பழகிக்கொள்ளும் செயலும்கூட. ஏற்கெனவே இருந்த துளையில் தேன் குடித்துப் பழகிய பம்பிள்பீ, பிறகு தானே துளையிட முற்படுவது அதிகம் என்று லண்டனில் எல்லி லெட்பீட்டரும் லார்ஸ் சிட்காவும் 2008இல் காட்டினார்கள்.

நம் ஊரில் சொர்ணபட்டிப் பூவின் அடியைக் கீறித் தேன் குடிக்கும் கருவண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது மரத்தைக் குடைந்து கூடு கட்டும் தச்சுத் தேனீ. எருக்கம்பூவின் மகரந்தத்தைச் சுமப்பதில் முக்கியமானது அதுவே. முருங்கைப்பூவுக்கும் அது உதவுகிறது. ஒரு பூவில் கண்ட துளையை வைத்து அதைக் கொல்லும் தோட்டக்காரர், தன் முருங்கைக்கு வேலை செய்பவரையே கொல்கிறார்.

காய்ப்புக் குறைவுக்குத் துளைதான் காரணமோ என்று சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சில பூக்களின் சூல்முடியில், அதே வகையின் வேறொரு செடியிலிருந்து எடுத்த மகரந்தத்தைக் கையால் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அவையும் மற்றப் பூக்களும் ஒரே அளவில் காய்த்தால் மகரந்தத்துக்குக் குறைவில்லை. தண்ணீர், உரம், வெயில் பக்கம் காரணம் தேட வேண்டும். கையால் தடவியவை கூடுதலாகக் காய்த்தால் மகரந்தம் சுமப்போர் போதவில்லை என்று பொருள். அப்போது பூக்கும் நேரத்தில் மருந்தடித்தால், துளையிடும் தேனீயோடு பூவின் வாய் வழியே நுழையும் தேனீயும் செத்துவிடும். இருக்கும் குறை இன்னும் பெரிதாகும்.