எல்லாருக்கும் 30ஆம் சீட்

ஹாஷ் டேபிள் படிப்பிக்கிற இடமெல்லாம் உதாரணத்துக்கு ஆங்கிலப் பெயர்தான் வருது. தமிழ்ப் பெயர் போட்டுப் பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

நூலக உறுப்பினர் பட்டியல் ஒண்டை 97 இடமுள்ள டேபிளில போட்டுப் பார்த்தன். பெயரின்ட முதல் பைட்டை 97ஆல் வகுத்தால் வாற மீதிதான் இடம். ஆங்கில எழுத்து ஏ 65, கே 75 எண்டு ஓரளவு பிரியும். யூடிஎஃப்-8இல ஆயிஷா, கவிதா, ரமேஷ் எல்லாருக்கும் முதல் பைட் 224. மீதி 30.

புல்மோட்டை பஸ்ஸில ஏறின அத்தனை பேருக்கும் 30ஆம் சீட் எழுதிக் குடுத்த மாதிரி. லீனியர் புரோபிங் 31, 32 எண்டு அடுத்த காலி இடத்தைத் தேடும். 60ஆவது ஆள் 60 இடம் பார்க்கோணும். செயினிங் எண்டால் 30இல ஒரே நீளச் சங்கிலி. வகுப்பில இதைத்தான் மருந்தெண்டு சொல்லித் தாறாங்கள்!

லீனியர் புரோபிங்கில பிழையில்லை. 1963இல டொனால்ட் நூத் அதை ஆய்ந்தார். ஹாஷ் நல்லாப் பரவினால், பாதி நிரம்பின டேபிளில இல்லாத பெயரைத் தேட சராசரியா 2.5 இடம்தான் பார்க்க வேணும். 90 வீதம் நிரம்பினால் கிட்டத்தட்ட 50. அதுக்கு முதலே டேபிளைப் பெருப்பிக்கலாம்.

பிழை ஹாஷில. ஒவ்வொரு பைட்டுக்கும் முந்தின தொகையை 31ஆல் பெருக்கி, அந்த பைட்டைக் கூட்டிக்கொண்டு போனால் பெயர்கள் பிரியும். ஜாவா செய்யிறதும் கிட்டத்தட்ட இதுதான்.

முதல் பயிற்சியையே எங்கட பெயர்களில தாங்கோ. பொடியள் மோதலைத் தங்கட கண்ணால பார்க்கட்டும்.