இறால் கட்சியும் உல்லம் கட்சியும்

கூனிமேட்டுக் கரையில் போய், “இறால் உயர்த்தியா, உல்லம் மீன் உயர்த்தியா?” என்று கேட்டால், “இன்றைக்கு வலையில் எது விழுந்ததோ, அதுதான் உயர்த்தி!” என்று சிரிப்பார்கள். கொல்கத்தாவில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். அங்கே இது கால்பந்துச் சமாசாரம்!

மோகன் பகான் கிளப் 1889-ல் பிறந்தது. மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடிகளுக்கு அதுதான் உயிர். 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் கிளப். 1947 பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த குடும்பங்களுக்கு அதன் வெற்றிதான் பண்டிகை.

மோகன் பகான் ஜெயித்தால் அந்தக் கட்சி வீடுகளில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் உல்லம். குழம்பில் சர்க்கரை போடுகிறவர்கள் என்று இவர்கள் அவர்களைப் பரிகசிப்பார்கள். மிளகாயை அள்ளிக் கொட்டுகிறவர்கள் என்று அவர்கள் இவர்களை. பெண் ஒரு கட்சி, மாப்பிள்ளை ஒரு கட்சி என்று அமைந்துவிட்டாலோ, ஆட்டம் நடக்கிற நாளில் அடுப்பங்கரையிலும் ஒரு பந்தயம்தான்!

இதில் என்ன தப்பு? நம் கல்யாண வீடுகளில் நலங்கின்போது சம்பந்தியம்மாளைப் பாட்டிலேயே கிண்டல் செய்வதில்லையா? மூக்கைக் கேலி செய்வார்கள், நடையைக் கேலி செய்வார்கள். ஆனால் குடும்பத்தில் நேர்ந்த துக்கத்தைத் தொடமாட்டார்கள். கேலிக்கும் ஒரு வரப்பு உண்டு.

அந்த வரப்பை மீறினால் என்ன ஆகும்? 1997 ஜூலை 13. பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டம். சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் கூட்டம். ஆட்டத்துக்கு முன்பே மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா எதிர்க்கட்சி ஆட்டக்காரர்களுக்குப் பட்டப் பெயர் சூட்டிவிட்டார். ஒமல்லோவுக்கு ‘ஆம்லெட்’, சிக்கிமிலிருந்து வந்த பாய்சுங் பூட்டியாவுக்கு ‘சுங் சுங்’. முன்னதாவது சாப்பாட்டுக் கேலி. பின்னது, ஒரு மலைநாட்டுப் பையனின் பெயரையே நெளித்துக் காட்டுவது. பாய்சுங் வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னார். மூன்று கோல்! ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

எல்லாப் பதிலும் கோலாகவே வந்துவிடுவதில்லையே. 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி, ஈடன் கார்டன் மைதானத்தில் இதே இரு கட்சிகளின் ஆட்டத்தில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகளுக்காகச் சோறு எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை தாய்மார்கள் காத்திருந்தார்களோ!

அதே கொல்கத்தாவில் இன்னொரு ஆகஸ்டும் வந்தது. 2024-ல், ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையுண்டார். ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த இரு கட்சிகளின் ஆட்டம் ரத்தாயிற்று. ஆனாலும் ரசிகர்கள் மைதான வாசலுக்கு வந்தார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆயுளெல்லாம் ஒருவரையொருவர் வைதவர்கள், அந்தப் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். போலீஸ் தடியடிக்கும் கலையவில்லை. இரண்டு கொடிகளும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன.

நம் வீட்டுப் பிள்ளைகளும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிரிக்கெட் என்றால் கையில் போனை வைத்துக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருக்கிறார்கள். ‘வையாதே’ என்றால் கேட்கமாட்டார்கள். “ஆட்டத்தைக் கேலி செய்; பேரையும் பிறப்பையும் தொடாதே” என்று சொல்லி வையுங்கள், அம்மா. அன்றைக்குத் தோற்ற கட்சிப் பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடவே பரிமாறுங்கள்.