வெறி என்று விட்டுவிடாதீர்கள்

 

ஒரு முஸ்லிம் வாத்தியார் குடியைப் பற்றி என்ன எழுதுவார் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மார்க்கத்தில் அது ஹராம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் இன்றைக்கு எழுத வந்தது வேறு விஷயம்: சீனி வருத்தம் உள்ளவர் குடித்தால் என்ன நடக்கும், அதை மறைத்தால் என்ன நடக்கும்.

"சாராயம் கசப்புத்தானே, சீனி ஏறாது" என்று கரடியனாற்றுப் பக்கம் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறாதுதான். ஆபத்து அது இறங்குவதில் இருக்கிறது.

சாப்பிடாத நேரத்தில், முக்கியமாக இரவு நித்திரையில், இரத்தத்துக்குச் சீனி கொடுப்பது ஈரல். மது உள்ளே போனால் ஈரல் முதலில் அதை முறிக்கப் பார்க்கும். புதிதாகச் சீனி உண்டாக்கும் வேலை தடைப்படும். அந்த நேரமும் இன்சுலின் ஊசியோ, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். பகல் முழுக்க வயலில் வெள்ளாமை வெட்டிவிட்டு வெறும் வயிற்றில் குடித்தவருக்கு இது இன்னும் மோசம். குடித்த உடனே என்றில்லை. நடுச்சாமத்திலும் வரலாம், அடுத்த நாளும் வரலாம்.

சீனி 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும். இன்னும் இறங்கினால் நாக்குக் குளறும், நடை தள்ளாடும். பார்ப்பவருக்கு வெறி மாதிரியே இருக்கும். "படுக்கட்டும், விடிய முறியும்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அவர் விடிய எழும்பாமலே போகலாம்.

ஆகவே சீனி வருத்தக்காரர் குடித்துவிட்டுக் குளறினால் முதலில் சீனியைச் சோதித்துப் பாருங்கள். மெஷின் இல்லையென்றால் சீனி இறங்கிவிட்டது என்றே எடுங்கள். நினைவிருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ பாணோ சாப்பிட வையுங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். பக்கவாட்டில் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

இனி என் கருத்து. நோன்பு வருமுன் எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் டொக்டரிடம் போய், "நோன்பு பிடிக்கப் போகிறேன், குளிசையை எப்படிப் போடுவது?" என்று கேட்கிறார்கள். வெறும் வயிற்றில் சீனி இறங்கும் என்று தெரிந்ததால் கேட்கிறார்கள். குடிப்பவருக்கும் அதே பயம் இருக்க வேண்டும். ஆனால் அவர் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. சிலர் குடிக்கிற நாளில் தாங்களாகவே ஊசியை நிறுத்துகிறார்கள். அது சீனியை மறுபக்கம் ஏற்றி உயிருக்கு வேறு ஆபத்தைக் கொண்டுவரும்.

அந்த வெட்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. தமிழ் ஆக்கள் பகிடி பண்ணுகிறோம். முஸ்லிம் ஆக்கள் "எங்கட ஊரில் அப்படி யாரும் இல்லை" என்கிறோம். இரகசியமாகக் குடிப்பவருக்குத்தான் ஆபத்து கூட. அவர் விழுந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் காரணமே தெரியாது.

குடியை விட்டால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. விட முடியாமல் இருப்பவர் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லட்டும். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பாவமா இல்லையா என்பதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். உயிரைக் காப்பது எங்கள் கடமை.