விலையைப் பார்க்கும் கண், குழந்தையின் மூக்கைப் பார்க்கிறதா? பேபி கேரியர் வாங்கும் நம் குடும்பங்கள்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ விடுமுறை நாள் மாலையில் நடந்து பார்த்தால் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி இது. இளம் அப்பா ஒருவர் கைக்குழந்தையை மார்போடு பேபி கேரியரில் மாட்டிக்கொண்டு நடப்பார். பக்கத்தில் மனைவி பைகளோடு வருவார். பின்னால் வரும் பாட்டிக்கு மட்டும் மனம் நிலைகொள்ளாது. "பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகுதுடா, எடுத்துக் கையில குடு" என்பார். "அதெல்லாம் ஒன்னும் ஆகாதும்மா, நல்ல சாமான்தான்" என்று மகன் சிரித்துக்கொண்டே நடப்பார்.

இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. கேரியர் ஆபத்தான பொருள் அல்ல. ஆனால் பாட்டி பயப்படுகிற விஷயம் கற்பனையும் அல்ல.

கேரியர் நம்மிடையே பரவியதற்குக் காரணம் வெறும் நாகரிகம் இல்லை. தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்கள் குடியேறிய ஐந்து மாடி மலிவு விலை வீடுகளில் மின்தூக்கி கிடையாது. தள்ளுவண்டியை நான்காவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? இறங்கி வந்தாலும் நடைபாதை பாதியில் முடிந்து கால்வாயில் நிற்கும். எல்.ஆர்.டி. கூட்டத்திலும் தள்ளுவண்டி சங்கடம்தான். இரண்டு கைக்கும் விடுதலை தருகிற ஒரு பை, அதுவும் இணையச் சந்தையில் முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும்போது, வாங்காமல் இருப்பது கடினம்.

இன்னொரு காரணம் வேலை. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் மகப்பேறு விடுமுறை 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் கிடைத்தது. அந்த 98 நாள் முடிந்ததும் குழந்தை பாட்டியிடமோ அண்டை வீட்டுப் பராமரிப்பாளரிடமோ போகிறது. அம்மாவின் உடம்புக்கு இழுத்துச் சரிசெய்த அதே கேரியரை அப்பாவும் பாட்டியும் பராமரிப்பாளரும் மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். காணொளி பார்த்து மாட்டக் கற்றுக்கொண்டவர் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே.

பிரிட்டனில் நடந்தது

2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏழு வாரக் குழந்தை ஒன்று கேரியரில் இருந்தபடியே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனது. தாய் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, கை வைக்காமலேயே பால் கொடுத்தபடி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் குழந்தை துவண்டுவிட்டது. சில நாளில் இறந்தது. அலட்சியமான தாய் என்று யாரும் சொல்லிவிட முடியாத சம்பவம் அது. விசாரித்த மரண விசாரணை அதிகாரி 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், இவ்வளவு சிறிய குழந்தையைக் கேரியரில் எப்படி வைக்க வேண்டும், அதில் வைத்தே பால் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது பற்றிப் பெற்றோருக்குத் தெளிவான தகவல் இல்லை என்று சுட்டிக்காட்டினார். அதன்பின் அங்குள்ள குழந்தை நல அமைப்புகள் தங்கள் ஆலோசனையைத் திருத்தின. பால் கொடுக்க வேண்டுமானால் குழந்தையை வெளியே எடுத்துக் கையில் ஏந்திக் கொடுங்கள் என்பதே இப்போதைய அறிவுரை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சிலேயே எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டில் தோளில் தொங்கவிடும் துணி ஸ்லிங் தொடர்பான 14 மரணங்கள் அதன் கணக்கில் இருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்த வயதுடையவை. 2017இல் அதே ஆணையம் ஸ்லிங்குகளுக்குக் கட்டாயத் தரவிதி கொண்டுவந்தபோது, 2003 ஜனவரி முதல் 2016 செப்டம்பர் வரை 159 சம்பவங்களைக் குறிப்பிட்டது. 17 உயிரிழப்பில் முடிந்தவை.

கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிற ஒரு பொருளுக்கு இந்த எண்ணிக்கை சிறியதுதான். பயந்து கேரியரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வயது. நடக்கிற வயதுக் குழந்தைக்குக் கேரியர் வெறும் வசதி. மூன்று மாதக் குழந்தைக்கு அது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

அழாமல் நடக்கும் ஆபத்து

பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்துத் தசைக்கு வலு இல்லை. பைக்குள் உடல் வளைந்து சரிந்தால் தாடை நெஞ்சில் போய் முட்டும். அந்தச் சிறிய மூச்சுக்குழாய், குடிக்கும் ஸ்ட்ரா மடங்குவதுபோல் மடங்கிவிடும். இன்னொரு வழி, துணியிலோ பெரியவரின் உடம்பிலோ மூக்கும் வாயும் அழுந்துவது. இதற்கு ஓரிரு நிமிடம் போதும். தலையைத் திருப்பிக்கொள்ளும் வலு குழந்தைக்கு இல்லை. மூச்சுத் தடைபட்ட குழந்தை அழவும் செய்யாது. "அமைதியா தூங்குது" என்று நினைத்துவிடுவதுதான் இதில் கொடுமை.

சேலையில் ஏணை கட்டி வளர்த்த தலைமுறைக்கு இந்தச் சங்கதி, மருத்துவ வார்த்தை தெரியாமலே தெரிந்திருந்தது. ஏணைத் துணி இரண்டு பக்கமும் கூம்பி முகத்தை மூடிவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கம்பு வைப்பார்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளையை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையில், ஆயா ஒவ்வொரு ஏணையாகத் துணியை விலக்கி முகத்தைப் பார்ப்பார். அந்த அறிவு கையிலிருந்து கைக்கு வந்தது. கேரியரோ பிளாஸ்டிக் உறையில் வருகிறது; உள்ளே இருக்கும் சிறிய தாளில் சீன மொழியும் அரைகுறை ஆங்கிலமும் இருக்கும். பாட்டிக்கு ஏணை தெரியும், கொக்கி தெரியாது. மகளுக்குக் கொக்கி தெரியும், எதற்காக முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிரிட்டனில் கேரியர் கட்டுவோர் மனப்பாடமாக வைத்திருக்கும் ஐந்து விதிகளைத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: குழந்தை இறுக்கமாக அணைந்திருக்க வேண்டும், முகம் எந்நேரமும் கண்ணில் பட வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும், முதுகு சரியாமல் தாங்கப்பட வேண்டும். நம்மவர்களில் பலர் தவறு செய்வது முதல் விதியில்தான். "இறுக்கினால் பிள்ளைக்கு வலிக்கும்" என்று வாரைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்ந்த பையில்தான் குழந்தை உள்ளே சரிந்து சுருளும்.

எடைக் கணக்கு

இணையச் சந்தையில் வாங்குபவர்கள் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று பார்க்கிறார்கள்; எத்தனை கிலோவிலிருந்து பயன்படுத்தலாம் என்று பார்ப்பதில்லை. இடுப்புப் பட்டையோடு வரும் பல கேரியர்களுக்குக் குறைந்தபட்ச எடை 3.5 கிலோ. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2.4 கிலோவில் பிறந்து வீட்டுக்கு வந்த குழந்தைக்கும் அந்தக் கேரியருக்கும் நடுவே ஒரு கிலோவுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பை அவ்வளவு பெரியது, குழந்தை அவ்வளவு சிறியது. குறைமாதக் குழந்தை, இரட்டைக் குழந்தை, சளிபிடித்து மூச்சு இரைக்கும் குழந்தை ஆகியோருக்குக் கேரியர் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

கால் தொங்குவதும் பார்க்க வேண்டிய விஷயம். மலிவான பைகளில் இருக்கைத் துணி ஒடுங்கியிருக்கும். குழந்தை கவட்டையில் தொங்கும். இளங்குழந்தையின் இடுப்பு மூட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் அது. துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தாங்கி, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்ததுபோல் இருக்க வேண்டும். பிரசவத்தின்போது தலை மேலே, பிட்டம் கீழே இருந்த குழந்தைகளுக்கும், குடும்பத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். முகத்தை வெளிப்பக்கம் பார்த்து வைப்பது கழுத்து நன்றாக நின்ற பிறகு, ஐந்து ஆறு மாதத்துக்கு மேல்தான். இப்போது பாட்டிமார் விரும்பி வாங்கும், இடுப்பில் பலகைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இருக்கை வகையும் குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகே பொருந்தும். அதற்குப் பிறகு வாங்கினால் அது நல்ல பொருள்தான். நம் பெண்கள் காலங்காலமாக இடுப்பில் தூக்கிய அதே தூக்கு, முதுகு வலி குறைவு.

சுமப்பவரின் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவருக்கு இடுப்புப் பட்டை தையல் மேல் அழுத்தும். சில வாரம் கழித்து மாட்டலாம், அல்லது பட்டையைத் தையலுக்கு மேலே ஏற்றிக் கட்டலாம். தடித்த பஞ்சுத் திணிப்பு குளிர்நாட்டுக்குச் செய்தது. நம் வெயிலில் இரண்டு உடம்பும் ஒட்டிக்கொண்டால் வியர்க்குரு நிச்சயம். மெல்லிய பருத்தித் துணியோ வலைத்துணியோ போதும். கடையில் வாங்கினால் கொக்கியைப் பூட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், தையலைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பாவின் ஈ.என். 13209 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2236 என்ற தர எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும். மாட்டிக்கொண்டு அடுப்படியில் தாளிக்க நிற்கவே கூடாது.

மோட்டாரில் வேண்டாம்

செம்பனைத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக் கிளினிக்குக்கு வரும் பல குடும்பங்களுக்கு மோட்டார்தான் ஒரே வாகனம். முன்பு அம்மா பின்னால் அமர்ந்து கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். இப்போது கேரியரில் மாட்டிக்கொண்டு வருவது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது பாதுகாப்பே அல்ல. கேரியர் நடப்பதற்காகச் செய்தது. விழுந்தால் பெரியவரின் முழு எடையும் குழந்தை மேல்தான் விழும். நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். காரிலும் இதே கதைதான்: 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் சிறார் பாதுகாப்பு இருக்கை கட்டாயம், கேரியர் அதற்கு ஈடாகாது. பேருந்தே எட்டிப் பார்க்காத தோட்டத்துக்காரரிடம் "மோட்டாரில் வராதே" என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதும் உண்மை. அக்கம்பக்கத்துக் காரை ஏற்பாடு செய்து, கிளினிக் நாளை இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வைத்துக்கொள்வது இதற்கு ஒரு வழி.

கரும்புத் தொட்டிலையும் இங்கே பேசாமல் விட முடியாது. வேண்டிப் பெற்ற பிள்ளையை மஞ்சள் சேலையில் கிடத்தி, கரும்பைத் தோளில் தாங்கி, பத்துமலையின் 272 படி ஏறுவது நம் நேர்த்திக்கடன். நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் சேலைக்குள்ளும் குழந்தை வளைந்துதான் கிடக்கிறது, கூட்டமும் வெயிலும் கூடவே வருகின்றன. தூக்குகிற இருவரும் படியைப் பார்த்து நடப்பார்கள். துணியைத் திறந்து பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்து வர மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையானால் அடுத்த ஆண்டு தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடனை வைத்துக்கொள்ளலாம்.

பொருளில் குறை இருந்தால் வழி இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்கும் பொருள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்கிறது. இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும். அது இல்லாத கடையில் குழந்தைப் பொருள் வாங்காதீர்கள். கொக்கி உடைந்தால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கு வைக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அந்த 5 வெள்ளியும் வீண்தான்.

கார் இருக்கைக்கு அரசாங்கம் செய்த பிரச்சாரத்தில் கால்வாசி கேரியருக்கும் நடந்தால் நல்லது. அதற்கு ஏற்ற இடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு முதல் வாரங்களில் அரசாங்கக் கிளினிக் தாதியர் வீடு தேடி வந்து தொப்புளையும் மஞ்சள் காமாலையையும் பார்க்கிறார்கள். அப்படி வரும்போது வாங்கி வைத்த கேரியரை எடுத்து, குழந்தையை அதில் வைத்து அவர் முன்னால் மாட்டிக் காட்டுங்கள். எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். பாட்டியையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அவரையும் ஒருமுறை மாட்டிப் பார்க்க வையுங்கள். 98 நாள் முடிந்த பிறகு அதை அதிக நேரம் மாட்டப் போகிறவர் அவர்தான்.