வெளிச்சம் உனக்கு, இருட்டு எனக்கா?

ராத்திரி 8 மணி. தாம்பரம் - வேளச்சேரி ரோடு. என் பழைய அம்பாசடரில் வந்துகொண்டிருந்தேன். புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு பளீரென்று எரிந்தது. ரோடு பகல் மாதிரி தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை!

எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். பின்னால் இரண்டு பால் கேன். என் கார் நெருங்கியதும் ஒரு கையால் கண்ணை மறைத்தார். அவ்வளவுதான். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் போய் முட்டியது. ஆளும் விழுந்தார். பாலும் கொட்டியது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். முழங்காலில் ரத்தம். தூக்கி உட்கார வைத்தேன். "பார்த்து வரக்கூடாதா பெரியவரே?" என்று வாய் தவறிக் கேட்டும் விட்டேன்.

பெரியவர் போட்டாரே ஒரு போடு!

"எதைப் பார்க்கிறது தம்பி? உன் லைட்டு உனக்கு ரோட்டைக் காட்டிச்சு. எனக்கு ரோட்டையே காணாமப் பண்ணிடுச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குற்றவாளி வேறு யாருமில்லை, நான்தான்.

கதை இப்படித்தான்

என் வண்டி 1996-ஆம் வருடத்து மாடல். அம்பாசடர் கார் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் வைத்திருப்பவர்களுக்கு அது வீட்டு மனுஷன் மாதிரி. வயசானால் மனுஷனுக்குக் கண் மங்குகிறது. வண்டிக்கும் அப்படித்தான். ஹெட்லைட் மங்கி, மெழுகுவர்த்தி போல எரிந்தது. பள்ளம் தெரியவில்லை. படுத்திருக்கும் மாடு தெரியவில்லை.

கடையில் கேட்டேன். "சார், இந்த எல்.இ.டி.யைப் போடுங்க. பழைய பல்பைக் கழட்டி இதை மாட்ட வேண்டியதுதான். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்கள். மாட்டினேன். நடந்தது மேலே சொன்னது.

மறுநாளே புதுப்பேட்டைக்குப் போனேன். 40 வருடமாக ஒயரிங் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பழைய பல்பை மறுபடி மாட்டி, மீட்டரை எடுத்து வைத்தார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். அதே நேரம் பல்பு ஹோல்டரில் வெறும் 11.2 வோல்ட்!

"பாத்தியா சார்? மீதி கரண்டை உன் பழைய ஒயரும், சுவிட்சும், துருப்பிடிச்ச எர்த்தும் தின்னுடுச்சு. தப்பு பல்பு மேல இல்ல. ஒயரு மேல."

ஹாலோஜன் பல்பின் குணம் அது. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய 30 சதவீதம் வெளிச்சம் காலி. என் வண்டிக்கு வந்த கணக்குப்படி பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. ரேஷன் சர்க்கரை வீடு வந்து சேர்வதற்குள் பாதி சிந்தின கதை!

அதோடு, டூமுக்குள் இருக்கும் ரிப்ளெக்டரும் கறுத்துப் போயிருந்தது. ரசம் போன கண்ணாடியில் முகம் தெரியுமா? ரசம் போன ரிப்ளெக்டரில் வெளிச்சம் மட்டும் எப்படி வரும்?

எல்.இ.டி. ஏன் கூசுகிறது?

இதை எல்லா வண்டிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய எச்-4 ஹாலோஜன் பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது. ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு உண்டு. அதுதான் வெளிச்சம் மேலே கிளம்பி எதிராளி கண்ணில் அடிக்காமல் தடுக்கிறது. ரிப்ளெக்டரின் வளைவு, கண்ணாடியின் கோடுகள் எல்லாம் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் செய்யப்பட்டவை.

அந்த இடத்தில் மட்டமான எல்.இ.டி.யைச் செருகினால் என்ன ஆகும்? வெளிச்சம் பிறக்கும் இடமே மாறிப் போகிறது. டிம்மில் போட்டாலும் நாலா பக்கமும் சிதறுகிறது. ஓட்டுகிறவனுக்கு "ஆகா, என்ன வெளிச்சம்!" என்று தோன்றும். எதிரே வருபவனுக்குக் கண் இருட்டும்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கும் இங்கே விலைக்கு வருகிறது. டிம் வெளிச்சம் நடைபாதை ஓரமாகத்தான் கொஞ்சம் ஏறி அடிக்க வேண்டும். நமக்கு அது இடது பக்கம். அந்த நாட்டு விளக்கோ வலது பக்கம் ஏறி, நேராக எதிர்வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும்!

இன்னும் சிலர் 60/55 வாட்ஸ் இருந்த இடத்தில் 100/90 வாட்ஸ் பல்பை மாட்டுகிறார்கள். பழைய ஒயர் அதைத் தாங்குமா? ஹோல்டர் உருகும். சுவிட்சு கருகும். வண்டியே பற்றி எரிந்தாலும் ஆச்சரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இருக்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தள்ளி, வலது பக்கம் அரை மீட்டரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அந்தக் கண் கூசக்கூடாது. வெளிச்சம் தாழ்ந்து விழ வேண்டும். இதுதான் விதி. சைக்கிளில் வந்த பெரியவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருந்தது!

"ரோட்டு லைட்டு எரியறதில்ல, பள்ளம் தெரியறதில்ல, நாங்க என்னதான் பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரோட்டு விளக்கு எரியாதது அதிகாரிகள் குற்றம்தான். அதற்காக எதிரே வரும் ஏழையின் கண்ணைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? பள்ளத்தில் நாம் விழாமலிருக்க, அவரைக் கால்வாயில் தள்ளுவதா?

வழி இருக்கிறது

மெக்கானிக் அண்ணன் செய்த வைத்தியம் சாதாரணமானது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை நேராக இழுத்து, பியூஸ் வைத்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே மாட்டினார். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ரசம் போன டூம் இரண்டையும் மாற்றி, அதே 7 அங்குல வட்ட டூம் புதிதாகப் போட்டார். அதே 60/55 வாட்ஸ் பல்பு. "கண்ணாடியைக் கையால தொடாதே சார். விரல் எண்ணெய் பட்டா சீக்கிரம் போயிடும்" என்று எச்சரித்தார்.

பிறகு சமமான தரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்தைவிட 3 அங்குலம் கீழே விழும்படி திருகினார். முடிந்தது வேலை. எல்.இ.டி.க்குக் கொடுத்ததைவிடச் செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் ரோடு நன்றாகத் தெரிகிறது. யாரும் கண்ணை மூடுவதில்லை.

எல்.இ.டி.யே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கென்றே செய்த, நம் ஊருக்கு ஏற்ற முழு விளக்காக இருந்தால் சரி. பழைய டூமுக்குள் புதிய பல்பைத் திணிப்பதுதான் வினை.

அதிகாரிகளே, கேளுங்கள்!

15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறோம். அங்கே விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எங்கே அடிக்கிறது என்றும் பாருங்கள். ஒரு சுவரும் ஒரு கோடும் போதும்.

போலீசார் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சிதறுகிற பல்புக்கு ஸ்டிக்கர் மருந்தாகாது. பல்பையே கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர்களே, எந்த டூமுக்கு எது பொருந்தும் என்று சொல்லி விற்பனை செய்யுங்கள்.

வண்டி ஓட்டும் அண்ணாச்சிகளே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி, 8 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். உங்கள் கண்ணே கூசினால், ஊரார் கண் என்ன பாடுபடும்?

பெரியவரின் கால் ஆறிவிட்டது. கொட்டின பாலுக்குப் பணம் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். போன வாரம் அதே ரோட்டில் எதிரே வந்தார். ஒரு கையைத் தூக்கினார். எனக்குப் பகீரென்றது.

கண்ணை மறைக்க இல்லை. "போய் வா தம்பி" என்று சொல்லத்தான்!